இணைபும் பிற்செலவும்: வன்னிநிலத்துச் சுகாதார அளவுகளை ஆராயும் முறை

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதிவழியே செல்வோர், குருமன்காட்டையும் வேப்பங்குளத்தையும் கடந்து நெளுக்குளத்தை அடையும்போது, குளங்களின் பெயராலேயே ஊர்கள் வழங்குவதும், வானத்தை நம்பிய வயலும் பாறை வெடிப்புகளில் ஊறும் கிணற்று நீருமே சீவனத்துக்கு ஆதாரமாயிருப்பதுமான ஒரு பிரதேசத்துக்குள் வந்துவிட்டதை உணர்வர். இப்பிரதேசத்து மக்களின் தேகநலம் குறித்து இன்று எழுகின்ற முக்கியமான வினாக்களை ஊன்றி நோக்கினால், அவற்றுட் பல, ஒரே ஆளிடத்து எடுக்கப்பட்ட இரண்டு அளவுகளுக்கிடையே என்ன சம்பந்தம் என்ற ஒற்றை வினாவின் வெவ்வேறு வடிவங்களாகவே இருக்கக் காண்போம். ஒருவர் பருகும் கிணற்றுநீரின் புளோரைட்டுக்கும் அவருடைய குருதியிலுள்ள கிரியேற்றினினுக்கும் சம்பந்தம் உண்டா? வயதுக்கும் குருதியமுக்கத்துக்கும் எவ்வளவு? குழந்தையின் மேற்கைச் சுற்றளவு அதன் எடையையும் உயரத்தையும் பற்றி எதைச் சொல்லும்? மருந்துக்கு முன் எடுத்த அளவும் பின் எடுத்த அளவும் எவ்வாறு ஒப்பிடப்படல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடைகாண உலகெங்கும் கையாளப்படும் கருவிகள், இலங்கைப் பாடநூல்களில் இணைபு என்றும் பிற்செலவு என்றும் வழங்குகின்ற இரண்டு கணித முறைகளாகும்.

இணைபு என்பது இரண்டு அளவுகள் எவ்வளவு தூரம் சேர்ந்து ஏறுகின்றன அல்லது ஒன்று ஏற மற்றது இறங்குகின்றது என்பதை, மறை ஒன்று முதல் நேர் ஒன்று வரையுள்ள ஓர் எண்ணாற் குறிப்பது. பிற்செலவு என்பது ஒன்றில் ஓர் அலகு மாறும்போது மற்றது சராசரியாக எத்தனை அலகு மாறுகின்றது என்பதை ஒரு நேர்கோட்டின் சாய்வாகக் கூறுவது. முன்னதற்கு அலகில்லை, பின்னதற்கு உண்டு. இந்த வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், வைத்தியருக்கும் நோயாளிக்கும் பயன்படுவது பெரும்பாலும் பின்னதே. வயதுக்கும் அமுக்கத்துக்கும் இணைபு 0.5 என்று கூறினால் அது நோயாளிக்கு ஒன்றும் உணர்த்துவதில்லை. பத்து வயது கூடும்போது அமுக்கம் இத்தனை மில்லிமீற்றர் கூடுகின்றது என்றால் அது செய்தியாகிறது. அன்றியும், இணைபுக் குணகம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட மக்களின் வயது வீச்சைப் பொறுத்து ஏறியும் இறங்கியும் தோன்றும் இயல்புடையது. இருபது முதல் எண்பது வயது வரையுள்ளோரை அளந்தால் வரும் குணகம், நாற்பது முதல் ஐம்பது வரையுள்ளோரை மட்டும் அளந்தால் வாராது. சம்பந்தம் உண்மையில் நேர்கோடாயின் சாய்வு அவ்வாறு எளிதில் மாறுவதில்லை. ஆதலின், குணகத்தை மட்டும் அச்சிட்டுச் சாய்வையும் அதன் நம்பிக்கை எல்லைகளையும் விட்டுவிடும் ஆய்வறிக்கை பாதிக் கடமையையே செய்ததாகும் என்பது என் அபிப்பிராயம்.

சோடி என்ற கருத்தே இவ்விஷயத்தில் அடிப்படையானது. 1905 ஆம் ஆண்டில் குஷ்னி, பீபிள்ஸ் என்போர், அமெரிக்காவின் கலமசூ நகரத்து மனநோய் வைத்தியசாலையில் பத்து நோயாளிகளுக்கு நித்திரை மருந்துகளை வெவ்வேறு இரவுகளிற் கொடுத்து, ஒவ்வொருவரும் வழமையிலும் எத்தனை மணிநேரம் கூடுதலாக உறங்கினர் என்று குறித்து வைத்தனர். டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுவடிசாலையிற் பணியாற்றிக்கொண்டே 'மாணவன்' என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் கொசெற், 1908 இல் வெளியிட்ட தமது புகழ்பெற்ற கட்டுரையில் அந்த எண்களையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். ஒரு மருந்தால் சராசரியாக 0.75 மணிநேரமும் மற்றொன்றால் 2.33 மணிநேரமும் கூடியிருந்தன, வித்தியாசம் 1.58 மணி. இந்த இருபது எண்களையும் சோடி பிரித்து, ஒரு பக்கம் பத்து மறுபக்கம் பத்து என்று இரண்டு அந்நிய கூட்டங்களாகக் கருதிச் சோதித்தால், இவ்வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற சந்தேகம் நீங்குவதில்லை. ஒரே நோயாளியின் இரண்டு எண்களையும் சோடியாகவே வைத்துச் சோதித்தாலோ, அத்தகைய வித்தியாசம் தற்செயலாய் நேர்வதற்கு ஆயிரத்தில் மூன்றளவே இடமுண்டு என்று விடை வருகின்றது. எண்கள் ஒன்றே, சோடியைக் காத்ததா உடைத்ததா என்பதே முடிவை மாற்றியது. வெளிநோயாளர் பகுதிக் கொப்பிகளிலிருந்து எண்களைக் கணினியில் ஏற்றும்போது, ஒருவருடைய முதல் அளவு ஓரிடத்திலும் இரண்டாம் அளவு வேறிடத்திலும் தொடர்பற்றுப் பதியப்படுமாயின், பின்னர் எத்துணைப் பெரிய கணிதமும் அச்சோடியை மீட்டுத் தர வல்லதன்று.

இம்முறைகள் பிறந்த வரலாறும் சுகாதார அளவுகளோடு பிணைந்ததே. இழிவு வர்க்க முறை எனப்படும் கோடு பொருத்தும் உபாயத்தை லெஜாந்தர் 1805 இலும் கவுஸ் 1809 இலும் வெளியிட்டபோது அவர்கள் கண்ணெதிரே இருந்தவை வானத்துக் கோள்களின் பாதைகள். அதை மனித தேகத்தின்பாற் கொணர்ந்தவர் பிரான்சிஸ் கால்ற்றன். 1886 இல் அவர் வெளியிட்ட ஆய்வில், 205 தம்பதியரின் உயரமும் அவர்களுக்குப் பிறந்து வளர்ந்த 928 மக்களின் உயரமும் ஒப்பிடப்பட்டன. பெண்களின் உயரத்தை 1.08 ஆற் பெருக்கி ஆண்களின் அளவோடு சமப்படுத்திய பின், பெற்றோர் சராசரியிலிருந்து விலகிய தூரத்தின் மூன்றிலிரண்டு பங்கே மக்கள் விலகியிருந்தமை புலப்பட்டது. மிக உயர்ந்தோரின் பிள்ளைகள் உயர்ந்தோராயினும் பெற்றோரளவு உயர்ந்தோரல்லர். மிகக் குள்ளமானோரின் பிள்ளைகளும் அவ்வாறே நடுவை நோக்கித் திரும்பினர். இந்தத் திரும்பலே பிற்செலவு என்ற பெயருக்குக் காரணமாயிற்று. 1888 இல் அவரே முழங்கை முதல் விரல்நுனி வரையுள்ள நீளத்துக்கும் முழு உயரத்துக்கும் உள்ள இணைபு 0.8 எனக் கணித்தார். 1896 இல் கார்ல் பியர்சன் இன்று நாம் பயன்படுத்தும் சூத்திரத்தை அமைத்துக் கொடுத்தார். இவ்விருவரும் தம் கணிதத்தை மனிதரை இனம் பிரித்து உயர்த்தியும் தாழ்த்தியும் பேசும் ஒரு கொடிய கொள்கைக்குத் துணையாக்கினர் என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுதல் நேர்மையாகும்; கருவி நம்முடையதாகலாம், அக்கொள்கை ஆகாது.

கால்ற்றன் கண்ட அந்தத் திரும்பல், நம் ஊர்ச் சுகாதார முகாம்களில் ஒவ்வொரு நாளும் நிகழ்வது, கவனிப்போரே சிலர். ஒரு சனசமூக நிலையத்தில் முகாம் நடத்தி, பிரஷர் 140 க்கு மேலுள்ளோரை மட்டும் தெரிந்து, ஒரு மாதத்தின் பின் மீண்டும் அளந்தால், இடையில் மருந்தோ உணவுக் கட்டுப்பாடோ எதுவும் இல்லாதிருப்பினும், இரண்டாம் அளவின் சராசரி முதலளவிலும் தாழ்ந்தே நிற்கும். ஏனெனில், அன்று வெயிலில் நடந்துவந்தோ நெடுநேரம் வரிசையில் நின்றோ மனக்கலக்கத்தாலோ தம் வழமையிலும் உயர்ந்த அளவைக் காட்டியவர்கள் அத்தெரிவில் மிகுதியாக இடம்பெற்றுவிடுகின்றனர், மறுமாதம் அவர்கள் தம் வழமைக்கு மீளுகின்றனர். இதனை அறியாதார், முகாமிற் கொடுத்த கஷாயமோ ஆலோசனையோ பலித்தது என்று நம்புவர். மற்றொரு மயக்கம் இதனோடு கூடப்பிறந்தது. முதலளவு உயர்ந்திருந்தவர்களுக்கே குறைவும் அதிகமாக ஏற்பட்டது என்று காட்டுவதற்காக, முதலளவையும் இரண்டளவுகளின் வித்தியாசத்தையும் எதிரெதிரே வைத்து இணைபு காண்பது பலரது வழக்கம். ஒன்றுக்கொன்று யாதொரு சம்பந்தமுமற்ற, சமமான பரம்பலுடைய இரண்டு எண் தொகுதிகளை எடுத்து இவ்வாறு செய்தாலும், குணகம் ஏறத்தாழ 0.71 வருமென்பது கணித நியதி. முதலளவு இரண்டு பக்கத்திலும் அமர்ந்திருப்பதே அதற்குக் காரணம். 1962 இல் ஓல்டாம் இதனை எடுத்துக்காட்டி, வித்தியாசத்தை முதலளவோடன்றி இரண்டளவுகளின் சராசரியோடு ஒப்பிடுமாறு கூறினார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பிழை ஆய்வேடுகளில் நீடிப்பது வருந்தத்தக்கது.

இனி, இப்பிரதேசத்தை நேராகத் தொடும் விஷயத்துக்கு வருவோம். 1990 களின் நடுப்பகுதி முதல் வடமத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியா முதலிய இடங்களில், நீரிழிவோ நீண்டகால உயர் அமுக்கமோ இல்லாத கமக்காரரின் சிறுநீரகங்கள் சிறிது சிறிதாகச் செயலிழப்பது கண்டறியப்பட்டது. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று பெயரிடப்பட்ட அந்நோய், மதவாச்சிக்கு வடக்கே எல்லை தொட்டுக் கிடக்கும் வவுனியா மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. உலக சுகாதார தாபனமும் இலங்கைச் சுகாதார அமைச்சும் இணைந்து நடத்தி 2013 இல் வெளியான ஆய்வு, அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களின் நோயுற்ற பிரதேசங்களில் 15 முதல் 70 வயது வரையுள்ளோருள், வயது சமப்படுத்திய கணக்கின்படி, பெண்களில் 16.9 வீதத்தினரும் ஆண்களில் 12.9 வீதத்தினரும் நோய்க்குறி உடையோர் எனக் கூறியது. நோயின் முற்றிய படிகள் ஆண்களிடத்தே கூடுதலாயிருந்தன.

இந்நோயை அளக்கும் அளவே ஒரு பிற்செலவுச் சூத்திரம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கிளினிக்கிலே நோயாளி கையிற் கொடுக்கப்படும் ஆய்வுகூடச் சீட்டில், கிரியேற்றினின் என்ற வரிக்குக் கீழே ஈ.ஜி.எவ்.ஆர். என்றொரு வரி காணப்படும். சிறுநீரகம் நிமிஷத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் குருதியை வடித்துத் துப்புரவாக்குகின்றது என்பதற்கான மதிப்பீடு அது. கிரியேற்றினின் குருதியில் நேரே அளக்கப்படுவது. வடிப்பு வீதமோ அளக்கப்படுவதன்று, வேறெங்கோ வேறு மனிதரிடத்து வரையப்பட்ட ஒரு கோட்டிலிருந்து வாசித்துச் சொல்லப்படுவது. 1976 இல் மொன்றியல் நகரத்து வைத்தியசாலையொன்றில் 249 நோயாளரின் அளவுகளைக்கொண்டு கொக்குறொவ்ற், கோல்ற் என்போர் அமைத்த சூத்திரம் இவ்வகையில் முதலிற் பரவியது: 140 இலிருந்து வயதைக் கழித்து, எடையாற் பெருக்கி, கிரியேற்றினினை 72 ஆற் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும், பெண்ணாயின் 15 வீதம் குறைத்துக்கொள்ள வேண்டும். அந்நோயாளருள் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். 1999 இல் அமெரிக்காவின் 1628 சிறுநீரக நோயாளரைக்கொண்டு மற்றொரு சூத்திரமும், 2009 இல் 8254 பேரைக்கொண்டு பிறிதொன்றும் வந்தன. இவற்றில் கறுப்பினத்தவருக்கெனச் சேர்த்திருந்த தனிக் குணகம், நியாயமற்றதென்று கண்டு, 2021 இல் நீக்கப்பட்டது.

கையால் ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் கிரியேற்றினின் ஒரு டெசிலீற்றருக்கு 1.2 மில்லிகிராம் என்க. அவருக்கு வயது 40 ஆயின் 100 ஐ 50 ஆற் பெருக்கி 86.4 ஆல் வகுக்க 58 அளவு வருகின்றது. அதே எடையும் அதே கிரியேற்றினினும் உடைய மற்றொருவருக்கு வயது 60 ஆயின் 46 தான் வருகின்றது. இருவர் குருதியும் ஒன்றையே சொல்லியது. வித்தியாசம் முழுவதும் சூத்திரத்துக்குள் இருக்கும் வயதினால் விளைந்தது. அவ்வாறாயின், நோயாளர் நூற்றுவரின் ஈ.ஜி.எவ்.ஆர். அளவையும் வயதையும் எதிரெதிரே வைத்து இணைபு கண்டு, வயது கூடக் கூடச் சிறுநீரகம் நலிகின்றது என்று நிரூபித்துவிட்டோம் என்பது, பெட்டிக்குள் நாமே வைத்ததை நாமே எடுத்துக் காட்டுவதன்றி வேறில்லை. உறுப்புகளின் விகிதங்களை ஒப்பிடும்போது பொதுவான ஒரு பகுதி இருபுறமும் இருந்தாற் போலியான இணைபு பிறக்கும் என்று பியர்சனே 1897 இல் எச்சரித்திருந்தார். வயதோடு சம்பந்தம் காணவேண்டுமெனின், அளந்த கிரியேற்றினினோடு காண்க. அல்லது சூத்திரத்தில் வயது எவ்வளவு பங்கு வகிக்கின்றதென்பதை முன்னரே கூறிவிடுக.

இன்னொரு பிரச்சினை இதனினும் ஆழமானது. கிரியேற்றினின் தசையிலிருந்து பிறப்பது. மொன்றியலிலோ அமெரிக்காவிலோ மாமிச உணவுண்டு பருத்த தேகமுடையோரிடத்து வரையப்பட்ட கோட்டை, மெலிந்த தேகமும் மாமிசம் அருகிய உணவுமுடைய ஒரு வன்னிக் கமக்காரர்மேல் வைத்தால், அவருக்குத் தசை குறைவாதலின் கிரியேற்றினினும் இயல்பாகவே குறைவாயிருக்கும். எடையைக் கணக்கில் எடுக்காத பிந்திய சூத்திரங்கள் அக்குறைவைச் சிறுநீரகத்தின் ஆரோக்கியமாகப் பிழைபட வாசித்து, நலிவு தொடங்கிய பின்னும் நலமென்று சொல்ல இடமுண்டு. ஒரு பிற்செலவுக் கோடு, அது பிறந்த மக்கட்கூட்டத்துக்கு வெளியே எடுத்துச் செல்லப்படும்போது, அங்குள்ள மக்கள்பால் வேறொரு நேரடிமுறையால் வடிப்பு வீதத்தை அளந்து சரிபார்க்கப்படல் வேண்டும். அநுராதபுரத்தையும் வவுனியாவையும் போன்ற மாவட்டங்களில் அவ்வாறு சரிபார்த்து நமக்கே உரிய சூத்திரம் அமைத்துக்கொள்வது, புதிய காரணம் ஒன்றைத் தேடுவதினும் முதற்கண் செய்யவேண்டிய காரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

காரணத்தைத் தேடியோர் கண்ட இணைபுகளோ பல. நோய் மிக்க பிரதேசங்களின் படத்தின்மேல் நிலத்தடி நீரில் புளோரைட்டு மிக்க பிரதேசங்களின் படத்தை வைத்தால் இரண்டும் பெரிதும் பொருந்துகின்றன. நீரின் வன்மையைக் காட்டும் படமும் அவ்வாறே பொருந்துகின்றது. மேலே குறித்த 2013 ஆம் ஆண்டு ஆய்வு, நோயாளரின் சிறுநீரிற் கட்மியம் கூடுதலாயிருந்ததையும் நோயின் படி உயர உயர அதுவும் உயர்ந்ததையும் காட்டியது. பின்வந்த ஆய்வுகள் பல அதனை உறுதிசெய்யவில்லை. 2014 இல், வன்னீரோடும் உலோகங்களோடும் களைநாசினி கிளைபோசேட் சேர்ந்து நஞ்சாகின்றது என்றோர் ஊகம் வெளியாக, 2015 இல் அந்நாசினி நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. கடும் வெயிலில் நீர் போதாமற் செய்யும் உழைப்பே காரணம் என்போரும் உளர்; மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடத்தும் இத்தகைய நோய் காணப்படுவது அவர்களுக்கு ஆதாரம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீரும் வன்மை மிக்கதே. அங்கே இந்நோய் இவ்வாறு பரவவில்லை. ஆகவே வன்மை ஒன்றே காரணமாக முடியாது. வன்மையைத் தோற்றுவிப்பது கல்சியமா மகனீசியமா, அதனோடு புளோரைட்டு எவ்வளவு என்றெல்லாம் பிரித்துக் கேட்க வேண்டியிருக்கின்றது.

இவ்விணைபுகளுட் பல பிரதேச வாரியான சராசரிகளைக்கொண்டு காணப்பட்டவை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. ஒரு பிரதேச செயலகப் பிரிவின் கிணறுகளது சராசரிப் புளோரைட்டையும் அப்பிரிவின் நோயாளர் வீதத்தையும் சோடியாக்கினால், அச்சோடி பிரிவுக்கு உரியது, மனிதருக்கு உரியதன்று. 1950 இல் வில்லியம் ரொபின்சன், ஐக்கிய அமெரிக்காவின் 1930 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை எடுத்து, வெளிநாட்டிற் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவு என்று காட்டினார்; மாநில வாரியான குணகம் மறை 0.53. ஆனால் அதே குடிசன மதிப்பில் ஆளை ஆளாக எடுத்து நோக்கியபோது குணகம் நேர் 0.12 ஆக மாறியது; வெளிநாட்டிற் பிறந்தவர்களே எழுத்தறியாமை சற்றுக் கூடியவர்கள், அவர்கள் எழுத்தறிவு மிக்க மாநிலங்களிற் குடியேறியிருந்தனர் என்பதே உண்மை. குறியே தலைகீழாயிற்று. நம் நாட்டிலோ, ஒரே பிரிவில் ஒரு வீட்டார் பொதுக்கிணற்று நீரையும் அடுத்த வீட்டார் குழாய்க்கிணற்று நீரையும் மூன்றாம் வீட்டார் வடிகட்டிய ஆர்.ஓ. நீரையும் பருகுகின்றனர், கமக்காரரின் வயது, புகையிலை, வெயிலில் உழைக்கும் நேரம், முன்பு வந்த எலிக்காய்ச்சல், குடும்பத்தில் பிறருக்கு இருந்த நோய் ஆகிய யாவும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. பிரிவின் சராசரிக்குள் இவையனைத்தும் மறைந்துவிடுகின்றன.

பிரதேச வாரியான இணைபு எப்போதும் பொய் என்றும் கொள்ளலாகாது. 1937 இல் சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில், புளோரைட்டு மிக்க நீரால் முதுகெலும்பு விறைத்துக் கூனிய மக்களைச் சோர்ற், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் விவரித்தபோதும், ஊரும் நீரும் சேர்ந்துவந்தமையே அவர்களுக்கு வழிகாட்டியது. 1942 இல் ட்ரென்ட்லி டீன் அமெரிக்காவின் 21 நகரங்களில் 12 முதல் 14 வயது வரையுள்ள 7257 பிள்ளைகளின் பற்களைப் பார்த்து, நகரத்து நீரின் புளோரைட்டு லீற்றருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் ஆகும் வரை பற்சூத்தை விரைந்து குறைவதையும், அதற்கு மேலே குறைவு நின்றுவிடுவதையும், பல்லிற் கறை மட்டும் பெருகுவதையும் காட்டினார். 1945 இல் கிராண்ட் றப்பிட்ஸ் நகரத்து நீரில் புளோரைட்டைச் சேர்த்து, ஆண்டுகள் பல கவனித்துப் பார்த்த பரிசோதனையாலேயே அக்கூற்று நிலைபெற்றது. டீனுடைய புள்ளிகள் வளைகோட்டில் அமைந்தவை. அவற்றின்மீது நேர்கோடொன்றை வைத்து ஒரு குணகத்தை மட்டும் கூறியிருந்தால், எந்த அளவுக்கு மேல் நன்மை நின்று தீமை தொடங்குகின்றது என்ற, மக்களுக்கு வேண்டிய ஒரே செய்தி அழிந்துபோயிருக்கும். வெப்பம் மிக்க வன்னியில் ஒருவர் நாளொன்றுக்குப் பருகும் நீரும் அதிகமாதலால், உலக சுகாதார தாபனத்தின் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் நின்ற நீரும் நம் பிள்ளைகளின் பற்களுக்குக் கூடுதலாகலாம் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆதலால், கணிக்கும் முன் வரைக. 1973 இல் பிரான்சிஸ் அன்ஸ்கம் பதினொரு புள்ளிகள் கொண்ட நான்கு தொகுதிகளை அமைத்துக் காட்டினார். நான்கிலும் இணைபு 0.82, நான்கிலும் கோடு ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று மட்டுமே நேர்கோடு, ஒன்று வளைவு, மற்ற இரண்டிலும் தனித்து நின்ற ஒற்றைப் புள்ளியே எல்லாவற்றையும் இழுத்திருந்தது. வரைபுத்தாளில் நூறு புள்ளிகளை இட ஒரு மாலைப்பொழுது போதும்.

இதுகாறும் கூறியவை இரண்டு வெவ்வேறு பொருள்களின் அளவுகளைப் பற்றியன. ஒரே பொருளை இரண்டு கருவிகளால் அளக்கும்போது எழும் வினா முற்றிலும் வேறு. பாதரசக் கருவியின் பிரஷரும் மின்கருவியின் பிரஷரும் ஒத்துவருகின்றனவா, விரல்நுனிக் குருதியிற் பார்த்த சீனியும் ஆய்வுகூடத்திற் பார்த்த சீனியும் ஒன்றா என்று கேட்போர், வழமையாக இணைபையே கணித்து, 0.9 க்கு மேல் வந்தால் மகிழ்ந்துவிடுகின்றனர். பிளாண்ட், ஓல்ற்மன் ஆகியோர் 1986 இல் லான்செற் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இம்மயக்கத்தைத் தெளிவித்தது. மூச்சை வேகமாக ஊதும் ஆற்றலை அளக்கும் இரண்டு கருவிகளால் 17 பேரை அளந்தபோது இணைபு 0.94 வந்தது, ஆயினும் ஒரே ஆளிடத்து ஒரு கருவியின் அளவு மற்றதினும் நிமிஷத்துக்கு 80 லீற்றர் குறைவாகவோ 76 லீற்றர் கூடுதலாகவோ இருக்கலாம் என்று வித்தியாசங்கள் காட்டின. ஈளைநோயாளர் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதா வாட்டில் மறிப்பதா என்று தீர்மானிக்கும் வைத்தியருக்கு அவ்வளவு வேறுபாடு சிறிதன்று. ஒரு கருவி எப்போதும் மற்றதினும் இருபது கூடுதலாகக் காட்டினாலும் இணைபு முழுமையாகவே நிற்கும். இணைபு என்பது உடன்பாடன்று. வித்தியாசத்தை ஒரு பக்கமும் சராசரியை மறுபக்கமும் வைத்து வரைந்து, வித்தியாசத்தின் எல்லைகளைக் காண்பதே அவர்கள் காட்டிய வழி.

இவ்வழியின் அருமையை, 2009 இல் செட்டிகுளத்து முகாம்களிலும் வவுனியாப் பாடசாலைகளிலும் நிறைந்திருந்த குழந்தைகளை நினைப்போர் எளிதில் உணர்வர். கடும் போசாக்கின்மையைக் கண்டறிய இரண்டு அளவுகள் வழங்குகின்றன: மேற்கையைச் சுற்றி வைக்கும் நாடாவில் 115 மில்லிமீற்றருக்குக் கீழே செந்நிறம் தோன்றுதல் ஒன்று; உயரத்துக்குரிய எடை நியமத்திலிருந்து மூன்று நியம விலகலுக்குக் கீழே வீழ்தல் மற்றொன்று. அவ்வாண்டிலேயே உலக சுகாதார தாபனமும் யுனிசெவ்வும் கூட்டறிக்கை வெளியிட்டு, நாடாவின் எல்லையை 110 இலிருந்து 115 க்கு உயர்த்தின. இரண்டு அளவுகளுக்கும் நேரான இணைபு உண்டு. ஆயினும் ஒன்றால் நோயுற்றதெனத் தெரியப்படும் குழந்தை மற்றதால் தெரியப்படாமற் போவது உலகெங்கும் பெருவாரியாகக் காணப்படுகின்றது. இணைபை நம்பி ஒன்றை விட்டுவிட்டால், விடப்பட்ட அளவினால் மட்டுமே அகப்படக்கூடிய பிள்ளை உணவுப் பொதியின்றித் திரும்பிப் போகும்.

அளக்கும்போது நேரும் தவறுகள் கோட்டை எவ்வாறு பாதிக்கும் என்பதை இலேசாகக் குறிப்பிட்டு அமைவேன். ஸ்பியர்மன் 1904 இல் நிறுவியபடி, அளவுகளில் தற்செயலான பிழை கலந்தால் இணைபு தாழும். காரணமெனக் கருதப்படும் அளவின் மாறுபாட்டிற் பாதி வெறும் அளவைப் பிழையாயின், சாய்வு உண்மையிற் பாதியாகவே தோன்றும். மாரி முடிந்த தையில் ஒரு கிணற்றின் நீரை ஒரே முறை எடுத்துப் புளோரைட்டைப் பார்த்து, ஆவணி வறட்சியில் நீர் வற்றிச் செறிவு மாறும்போது பாராது விட்டு, அந்த ஓரளவை இருபதாண்டு பருகியதன் அளவாகக் கொள்ளும் ஆய்வில், உண்மையான சம்பந்தம் இருந்தாலும் அது மெலிந்தே தெரியும். இல்லையென்று முடிவுகட்டிவிடவும் கூடும். சம்பந்தம் தெரியவில்லை என்பதற்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கும் உள்ள தூரத்தை நம் ஆய்வாளர் மறவாதிருத்தல் வேண்டும்.

நெளுக்குளத்துக்கு அப்பால் அதே வீதியிலுள்ள பம்பைமடுவில், 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கி 2021 ஆகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதன் பிரயோக விஞ்ஞான பீடத்தில் கணிதமும் சூழலியலும் அருகருகே கற்பிக்கப்படுகின்றன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில், கிராமந்தோறும் வீடுவீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களின் பதிவுகள் உள்ளன. இவ்விரண்டும் கைகோத்து, ஒவ்வொரு நோயாளியின் இலக்கத்தோடும் அவர் எந்தக் கிணற்று நீரை எத்தனை ஆண்டு பருகினார் என்பதைச் சேர்த்தெழுதி, அக்கிணற்றை மாரியிலும் கோடையிலும் அளந்து, கிரியேற்றினினையும் எடையையும் வயதையும் தனித்தனியே பாதுகாத்து, சூத்திரத்தால் வந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மூல அளவை எறிந்துவிடாது பேணுமாயின், பத்தாண்டில் இம்மாவட்டத்துக்கு வேறெவரும் தர இயலாத ஓர் ஆதாரம் கிடைக்கும். பேராசிரியர்களும் வைத்திய அதிகாரிகளும் அப்பணியை இவ்வாண்டு மாரிக்கு முன்னரே தொடங்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கின்றேன். கிளினிக்குக்குச் செல்லும் வாசகர்களும், தம் கிரியேற்றினின் சீட்டுகளைத் திகதியோடு ஒரு கோவையிற் கட்டி வைத்து, ஒவ்வொரு முறையும் வைத்தியரிடம் காட்டுவார்களாக.